கை துடைத்த துணி

கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த ஃபாதரம்மாவுக்கு டாக்டர் போட்ட கட்டளைகள் இரண்டே. குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது. தனியாக இருக்கக் கூடாது என்பது மகன் போட்ட கட்டளை. கூலிக்கு ஆள் வைத்துக்கொள்கிறேன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் மருமகள் ஒரு துணிப்பையோடு வாசலில் வந்து நின்றாள். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவள் அந்த வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை.

ஃபாதரம்மா என்பது தெருவே சேர்ந்து வைத்த பேர். ஒரே மகன் குருப்பட்டம் வாங்கி ஃபாதரான நாளிலிருந்து காய்கறிக்கடைக்காரர் தொடங்கி கோயில் மணி அடிப்பவர் வரை எல்லோருக்கும் அவள் ஃபாதரம்மாதான். அந்த மகன் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த ஒருத்தியைப் பதிவு ஆபீசில் கட்டிக்கொண்ட பிறகு அந்தப் பேரை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. சிலர் பழக்கதோஷத்தில் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். கீழ்வீட்டு டெய்லரம்மா மட்டும் கடிக்கவில்லை.

"பட்டாளத்துல இருந்து வந்துட்டவனக்கூட சாகுற வரைக்கும் மேஜர்னுதான கூப்பிடுறாங்க" என்றாள் அவள்.

ஃபாதரம்மாவின் பீரோவில் நகைநட்டு ஏதும் கிடையாது. புருஷன் உயிரோடு இருந்தபோதே அதையெல்லாம் குடித்துத் தீர்த்திருந்தான். இருந்தது ஒரு துணிதான். குருப்பட்டம் கொடுக்கும்போது ஆயர் புதுக் குருவின் உள்ளங்கைகளில் பரிசுத்த தைலம் பூசுவார். கையில் மிஞ்சிய தைலத்தைத் துடைத்த வெள்ளைத் துணியைக் குரு தன் தாயிடம் கொடுப்பார். அவள் செத்தால் அதை அவள் கைகளில் சுற்றித்தான் பெட்டியில் வைப்பார்கள். மேலே போனதும், என்ன கொண்டு வந்தாய் என்று ஆண்டவர் கேட்டால் அவள் வாயைத் திறக்க வேண்டாம், கையை நீட்டினால் போதும். ஒரு குருவைப் பெற்றுக் கொடுத்தவள் என்று அந்த வாசனையே சொல்லிவிடும். அவளுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

நான்கு பிள்ளைகள் வயிற்றிலேயே தங்காமல் போனபின், ஐந்தாவது தங்கினால் அது உமக்கே என்று நேர்ந்து பெற்ற பிள்ளை அவன். நேர்ந்தபடியே கொடுத்தும் விட்டாள். கொடுத்தது திரும்பி வந்துவிட்டால் அந்தத் துணி இன்னும் செல்லுமா, செல்லாதா? இந்தக் கேள்வி நான்கு வருஷமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. புதிதாக வந்த பங்குக் குருவிடம் கேட்டாள். அதெல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அவர் கைப்பேசியைப் பார்த்தபடி சொன்னார். மாதா சபைத் தலைவியோ, திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் மரியாதை என்றாள். ஃபாதரம்மா கொடுக்கவில்லை. தினமும் மாலை ஜெபம் முடிந்ததும் பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியில் கையை விட்டு, அதை எடுத்து ஒருமுறை முகர்ந்துவிட்டு வைப்பாள். மரப்பிசினும் எண்ணெயும் கலந்த அந்த மணம் வருஷத்துக்கு வருஷம் மங்கித்தான் வந்தது. ஆனாலும் இருந்தது.

மருமகள் வேலையில் சூரப்புலி. வந்த வேகத்தில் ஜன்னல் கம்பிகளின் தூசியைத் துடைத்தாள், குழாயடிப் பாசியைச் சுரண்டினாள். கண்ணில் மருந்து விடும்போது மாமியார் இமையை இறுக்கிக்கொண்டால், "தொறங்க அத்தை, நான் என்ன மிளகாய்ப்பொடியா போடப் போறேன்?" என்பாள். ஃபாதரம்மாவுக்குச் சிரிப்பு வரும். வந்ததை உள்ளேயே அமுக்கிவிடுவாள். 'இந்தா' என்பதற்கு மேல் மருமகளை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடவுள் சொத்தைத் திருடினவள், அதனால்தான் வயிறு திறக்கவில்லை என்று கோயில் பெண்கள் பேசுவது ஃபாதரம்மா காதில் விழாமல் இல்லை. அவளாக அப்படிப் பேசியதில்லை. பேசியவர்கள் வாயை அடைத்ததும் இல்லை.

ஒரு மாலை பீரோவுக்குள் கையை விட்டபோது துணி வழக்கமான இடத்தில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, மடிப்புக் கலையாமல் இருந்தது. எடுத்து முகர்ந்தாள். சோப்பு வாசனை அடித்தது.

"இங்க ஒரு துணி இருந்துச்சே."

"அடியில சுருட்டிக் கெடந்துச்சே, அதுவா அத்தை?" சமையலறையிலிருந்து மருமகள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "எண்ணெய்ச் சிக்கு ஏறிப் போயிருந்துச்சு. சுடுதண்ணியில சலவை சோடா போட்டு ஊற வச்சேன். பாருங்க, கறை இருந்த இடமே தெரியல."

குரலில் பெருமை இருந்தது. ரத்தக் கறை, மருந்துக் கறை எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தவள் அவள்.

ஃபாதரம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அது யார் கையைத் துடைத்த துணி, எதற்காக வைத்திருந்தது என்று, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மருமகள் வேறு சபையில் வளர்ந்தவள். அங்கே தைலமும் கிடையாது, மாதாவும் கிடையாது. கேட்கக் கேட்கப் பீரோக் கதவைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு ஒரு தடவகூடச் சொல்லலியே அத்தை."

சிறிது நேரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை அவர் வந்ததும் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னாள்.

"சொல்லு. அவன் கேக்கட்டும்" என்றாள் ஃபாதரம்மா.

தான் செய்த காரியம் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று அவன் கண்ணாலேயே பார்க்கட்டும். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. அந்த இனிப்புக்காகவே பிறகு வெட்கமாகவும் இருந்தது. ஞாயிறு வரை மருமகள் சரியாகச் சாப்பிடவில்லை. ஃபாதரம்மா அதைக் கவனித்தாள், ஏன் என்று கேட்கவில்லை.

மகன் இப்போது சரக்கு வண்டி ஓட்டுகிறான். வெளியூர் லோடு முடித்து, பழப்பையோடு வந்தான். அவன் குருவான பிறகு ஃபாதரம்மா பெற்ற மகனையே 'வாங்க' என்றுதான் சொல்வாள். அங்கியைக் கழற்றியபின் 'வா' என்று மாற்றவும் வாய் வரவில்லை, 'வாங்க' என்று சொல்லவும் மனசு வரவில்லை. அதனால் தலையை மட்டும் ஆட்டினாள். டாக்டர் சீட்டை எடுக்க அவன் பீரோவைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

கட்டுப் போடாத கண்ணால் ஃபாதரம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தத் துணியை எடுத்து மெல்ல முகத்தருகே கொண்டுபோனான்.

"யாரு தொவச்சது?"

சத்தமாகக் கேட்கவில்லை. ஆனாலும் சமையலறையில் குழாய் நின்றது.

"எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டேன்மா. இது ஒண்ணு உங்ககிட்ட இருக்குங்கிற நெனப்புலதான் எனக்குத் தூக்கமே வரும்." அவன் சமையலறைப் பக்கம் திரும்பினான்.

அந்த முகத்தை ஃபாதரம்மா பார்த்தாள். கோயில் பெண்கள் நான்கு வருஷமாகச் சொல்லி வந்த பேச்சு, கடைசியில் கட்டினவன் முகத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தது. இனி ஒரு வார்த்தை விழுந்தால் போதும். அது அந்தப் பெண்ணை ஆயுசுக்கும் விடாது. மருமகள் நிலைப்படியில் வந்து நின்று வாயைத் திறந்தாள்.

"நாந்தான்டா" என்றாள் ஃபாதரம்மா.

"நீங்களா?"

"ஆபரேஷனுக்கு முன்னாடி கண்ணு மங்கிக் கெடந்துச்சுல்ல. கைக்குட்டைன்னு நெனச்சு மத்ததோட ஊறப் போட்டுட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுட்டு இருந்தேன். உக்காருடா."

அவன் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். அவள் அவன் தலையில் கையை வைத்தாள். பட்டம் வாங்கிய நாளில் முழங்காலிட்டு அவன் கையைத் தன் தலைமேல் வாங்கிக்கொண்டவள், அதன்பிறகு அந்தத் தலையைத் தொட்டதே இல்லை. முன்பக்கம் முடி கொட்டியிருப்பது இப்போதுதான் கைக்குத் தெரிந்தது. மருமகள் இருவரையும் பார்த்தபடி நின்றாள். திறந்த வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். குழாய் மறுபடி ஓடியது.

அவன் கிளம்பிப் போனபின் மருமகள் வந்து கட்டிலின் ஓரத்தில் நின்றாள்.

"ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?"

"தெரியல. போய் அடுப்பப் பாரு."

உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க அதுவே மனசில் ஓடியது. ஒரு குருவைப் பெற்றது பெரிய காரியம் என்று எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறாள். தான் பெறாத ஒருத்திக்காகப் பெற்ற மகனிடமே பொய் சொன்னது என்ன காரியம் என்று எந்தப் பிரசங்கத்திலும் யாரும் சொன்னதில்லை. இனி ஆண்டவர் முன்னால் வெறுங்கையோடுதான் நிற்க வேண்டும். வெறுங்கை மட்டுமா, வாயில் பொய்யும்.

பாவத்தைக் குருவிடம் சொல்லி மன்னிப்பு வாங்காமல் மறுநாள் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கக் கூடாது. அதனால் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். கண் சரியாகத் தெரியாததால் மருமகள்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கோயில் வாசலில் விட்டாள். வரிசையில் உட்கார்ந்து ஆத்தும சோதனை செய்தாள். செய்த பாவம் தெரிந்ததுதான். அதற்காக மனம் வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும். சின்ன வயதில் மனப்பாடம் செய்தது. வருந்திப் பார்த்தாள். வருத்தம் வரவில்லை. நிலைப்படியில் நின்ற அந்தப் பெண்ணின் வாய்தான் கண்முன் வந்தது. நாளைக்கே மறுபடி அப்படி ஒன்று நடந்தால் மறுபடியும் அதையேதான் சொல்வாள். அப்படியிருக்க, குருவின் கூண்டுக்கு முன்னால் போய் வருந்துகிறேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

பக்கத்து மாடத்தில் மாதாவின் சொரூபம் இருந்தது. நீயே சொல் என்று அண்ணாந்து பார்த்தாள். மாதா வழக்கம்போலக் கையிலிருந்த பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நகருங்க ஃபாதரம்மா, உங்க முறை" என்று பின்னாலிருந்து டெய்லரம்மா முதுகில் விரலால் குத்தினாள்.

"நீ போ."

"எனக்கென்ன, சின்னச் சின்ன பாவம்தான், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று டெய்லரம்மா முன்னால் போனாள். அவள் வெளியே வருவதற்குள் ஃபாதரம்மா எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள். அதற்குள்ளே முடிந்துவிட்டதா என்று மருமகள் கேட்டாள். ம் என்றாள்.

ஞாயிறு பூசைக்கும் மருமகள்தான் கூட்டிவந்தாள். இதுவரை ஃபாதரம்மாவின் இடம் முதல் பெஞ்சு. மருமகள் கடைசி பெஞ்சில் ஒதுங்கியபோது, அவளும் அங்கேயே உட்கார்ந்தாள். நற்கருணைக்கு மணி அடித்தது. பெஞ்சு பெஞ்சாக எழுந்து வரிசை நகர்ந்தது. மருமகளுக்கு அதில் இடமில்லை. சபையும் வேறு, கல்யாணமும் கோயிலில் நடக்கவில்லை. அவள் கால்களை ஒடுக்கிக்கொண்டு மாமியாருக்கு வழி விட்டாள். திரும்பிவந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக இந்தப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே போனார்கள். மாதா சபைத் தலைவி நின்றே பார்த்துவிட்டுப் போனாள்.

"போங்க அத்தை" என்று மருமகள் கிசுகிசுத்தாள். "வரிசை முடியப் போகுது."

"கால் வலிக்குது" என்றாள் ஃபாதரம்மா.

கால் வலிக்கவில்லை.