பங்காளிகள் பட்டியலில் சம்பந்தி

திருவிழா அன்று, சாமியின் சப்பரம் நின்று போகும் எங்கள் மண்டகப்படி மண்டபத்தில் இருந்தவர்கள்: நாறும்பூநாதனாகிய நான், என் சித்தப்பா மகன் பேச்சிராஜ், என் மருமகள் சிவப்ரியா, சிவகிரியிலிருந்து வந்திருந்த அவள் தகப்பனாரான என் சம்பந்தி மாரிசெல்வம், இன்னும் பங்காளிகள் நாற்பது பேர். வேறு யார் இதைச் சொன்னாலும் அது காதில் விழுந்ததைச் சொல்வதுதான்.

மண்டகப்படியில், சாமி முன்னால் தலையில் துணி கட்டும் பரிவட்ட மரியாதை பங்காளிக்கு மட்டும், அதுவும் முறை வைத்து. போன வருஷம் முறையில் தகராறாகிக் கைகலப்பு வரை போனது. இனி கணினி சொல்லும் பெயருக்கே பரிவட்டம் என்று எல்லோரும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மென்பொருள் வேலை பார்க்கும் சிவப்ரியா அதைச் செய்து தந்தாள்.

அதில் ‘உறவினர்’ என்று ஒரு வகை. அதிலிருந்து பிறந்த வகை ‘பங்காளி’. பங்காளிக்கு முறை எண் உண்டு. மற்ற உறவினருக்குக் கிடையாது. திருவிழாவுக்கு முந்தின வாரம், சாப்பாட்டுச் சீட்டும் அதிலேயே அச்சாக வேண்டும் என்றேன். சீட்டுப் பகுதி உறவினர் பட்டியலைக் கேட்டது. எங்களிடம் இருந்தது பங்காளிகள் பட்டியல்.

“பங்காளி எல்லாரும் உறவினர்தானம்மா? அதையே குடு.”

“ஒவ்வொருத்தரும் உறவினர்தான் மாமா. ஆனா பட்டியலை அப்படியே குடுத்தா, உறவினர் பட்டியல்தானேன்னு அதுல யாரை வேணாலும் சேர்த்துரலாம். அதான் எழுதுனதைச் சரிபாக்குற கம்பைலர் விட மாட்டேங்கு. புதுசா ஒரு பட்டியல் போட்டு, பேரை ஒவ்வொண்ணா அதுல எடுத்து வைக்கேன்.”

“நம்ம வீட்டுக்கு ரெண்டு பட்டியலா? குடும்பம் ரெண்டா உடைஞ்சுட்டுன்னு ஊர் சிரிக்கவா? ஒண்ணுதான்.”

இரண்டு முறை மறுத்தாள். மூன்றாம் முறை, பங்காளிகள் பட்டியலையே உறவினர் பட்டியல் என்று கட்டாயமாக வகை மாற்றிக் கொடுத்தாள்.

திருவிழா காலை. சப்பரம் மண்டபத்து வாசலில் நின்றது. பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடும். முறைப் பெயருக்காகச் சிவப்ரியா பொத்தானை அழுத்தினாள். திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: ‘மாரிசெல்வம், பங்காளி அல்ல.’ அதோடு எல்லாம் நின்றுவிட்டது.

“என்ன அண்ணாச்சி, சிவகிரிக்காரருக்கா பரிவட்டம்?” என்றான் பேச்சிராஜ். “சப்பரத்தையும் அங்கனயே இழுத்துட்டுப் போகச் சொல்லுங்க!”

யாரோ சிரித்தார்கள். சம்பந்தி எழுந்து செருப்பைத் தேடினார்.

“சாப்பாட்டுச் சீட்டுல சேர்த்த பேரு மாமா,” என்றாள் சிவப்ரியா. “ரெண்டும் ஒரே பட்டியல்லா? அப்பாவுக்கு முறை எண் தேடுது. இல்ல. நின்னுட்டு.”

“ரெண்டாவே போடு தாயி,” என்றேன். “எப்படியாவது போடு.”

தகப்பனார் பெயரைப் பங்காளிகளிடமிருந்து நீக்கினாள். சீட்டுக்குத் தனிப் பட்டியல் போட்டாள். அவசரத்தில் அடித்ததையே திரும்ப அடித்தாள். வெளியே மேளம் தொடங்கியது. முறைப் பெயர் திரையில் வந்தபோது சப்பரம் தெருமுனையைத் தாண்டியிருந்தது. பரிவட்டத் துணி தட்டில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. சம்பந்தி சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

தகப்பனுக்குப் பரிவட்டம் கட்ட மருமகளே பெயரை நுழைத்தாள் என்று ஊரில் பேசுகிறார்கள். இல்லை. சாப்பாட்டுச் சீட்டுக்காக அந்தப் பெயரைத் தட்டிச் சேர்த்தவன் நான்.