இயந்திரம் கேட்ட பெயர்

ஜப்பான்காரர்கள் எடுக்கும் கார்ட்டூன் தொடரை டிவியில் பார்த்திருப்பீர்கள். ராட்சத ரோபோவுக்குள் ஒரு பையனும் பெண்ணும் உட்கார்ந்துகொண்டு, பாதி நேரம் பூதத்தோடு சண்டை, மீதி நேரம் தங்களுக்குள் காதல் சண்டை என்று போகும். அது கோட்டைப்பட்டினத்தில் நடந்ததுதான். பையனுக்குப் பதினாறு வயது என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு அப்போது எழுபத்தொன்று.

ரோபோவை ஓட்ட இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேரின் இதயமும் ஒன்றுபோலத் துடிக்க வேண்டும். சர்க்காரில் மணமேல்குடியில் முகாம் போட்டுப் புதிதாய்க் கல்யாணமானவர்களை எல்லாம் சோதித்தார்கள். ஒரு ஜோடிகூடத் தேறவில்லை. நானும் என் மனைவி மூக்காயியும் பிரஷர் மாத்திரை வாங்கத்தான் அங்கே போயிருந்தோம். ஒரே மாத்திரையை வருஷக்கணக்காய்த் தின்றதில் துடிப்பு அச்சாகப் பொருந்திவிட்டது.

பூதம் ஒரு நாள் காலையில் வந்தது. எங்கள் கடலில் ஆழம் கிடையாது. பாவம், வயிற்றைச் சேற்றில் தேய்த்துக்கொண்டு தவழ்ந்துதான் வந்தது. வந்ததும் என் மகன் உதயசூரியனின் படகைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டது. ஆள் இல்லாத படகு. முந்தின நாள்தான் பூஜை போட்டு இறக்கியிருந்தான்.

ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ரோபோ சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. இருவரும் ஏறினோம்.

"துணை ஓட்டுநரின் பெயரைச் சொல்லவும்" என்றது, பஸ் ஸ்டாண்டு அறிவிப்புக் குரலில்.

"மூக்காயி" என்றேன். பச்சை விளக்கு எரிந்தது. அடுத்து அவளிடம் கேட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என் பெயர் ஆத்மநாதன். ஆவுடையார்கோயில் சாமிக்கும் அதே பெயர் என்பதால், அர்ச்சனைத் தட்டை நீட்டும்போதுகூட "உள்ள இருக்கிற சாமிக்கு" என்றுதான் சொல்வாள்.

"சொல்லு புள்ள."

"கட்டுன புருஷன் பேர எப்புடிங்க சொல்றது?" என்றவள், இயந்திரத்திடம் பணிவாக, "உதயா அப்பா" என்றாள்.

"பெயர் பொருந்தவில்லை."

நானே சொல்லிப் பார்த்தேன். ஆண் குரல் என்றது. குரலை மெலிதாக்கிச் சொன்னேன். இதுவும் ஆண் குரல் என்றது.

கரையிலிருந்து மகன் போன் செய்தான். "ஆத்தா, அங்கிட்டுப் படகத் தூக்கிக்கிட்டுப் போவுது. பேரச் சொல்லித் தொலை ஆத்தா."

"பெத்த அப்பன் பேர ஏலம் விடவாடா சொல்ற?"

"ஸ்கூல்ல கேட்டப்பவும் இப்புடித்தான். என்னையத்தான் சொல்ல வச்ச."

பூதம் கடலைப் பார்த்துத் தவழ்ந்துகொண்டிருந்தது. மூக்காயி அதையே பார்த்தாள். கண் கலங்கியது. எழுந்து என் பக்கம் வந்து, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, என் காதுக்குள் சொன்னாள். வெறும் பெயர். பின்னால் ஒரு "ங்க"கூட இல்லை.

"சொல்லிட்டேன்" என்றாள்.

"மிஷினுக்குக் கேக்கலையே புள்ள."

"ஒங்களுக்குக் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு. இன்னொரு தடவை?"

"ஒரு தடவைக்கு மேல வராதுங்க."

இயந்திரம் மறுபடி பெயரைக் கேட்டது. மறுபடி கேட்டது. என் காது சுட்டுக்கொண்டிருந்தது. படகு தீப்பெட்டி அளவாகி, புள்ளியாகி, மறைந்தது.

மகன் மறுபடி போன் செய்தான். "யப்பா, உள்ள சும்மாதான் உக்காந்திருக்கீங்களா?"

"ஆமாய்யா" என்றேன்.