நீலப்பூ டப்பாவின் மூடி

கௌகோவுக்கு அன்று ஒரே ஒரு வேலைதான். அஹ்தியின் கண்ணில் படுவதற்குள் அந்தத் தகரத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். வெல்டிங், பட்டி, பெயின்ட் எல்லாம் பேருக்குத்தான்.

ஏப்ரல் மாதச் சனிக்கிழமை. நண்பன் அஹ்தியின் கொட்டகையில் முப்பது வயது தாண்டிய ஸ்டேஷன் வேகன் நின்றிருந்தது. இந்தப் பக்கமெல்லாம் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். பனிக்கட்டி கரைகிறதோ இல்லையோ, வண்டி கரைந்துவிடும். மேலே பளபளப்பாக இருக்கும், கதவுக்குக் கீழே ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

நவம்பரில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிய வண்டி அது. முன்பக்கம் கொஞ்சம் நசுங்கியதோடு சரி. ஓட்டிய அஹ்திக்கு ஒரு விலா எலும்பு முறிந்தது. பக்கத்து சீட்டில் இருந்த அவன் மனைவி ஹெல்வியின் சீட் பெல்ட் அடியோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள்ளேயே அவள் உயிர் போய்விட்டது. வந்து பார்த்த போலீஸ்காரர்கள் பழைய வண்டி, துரு என்று எழுதிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துத் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க அஹ்திக்குத் தெம்பு வரவில்லை.

அந்த விரிப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று உலகத்தில் கௌகோ ஒருவனுக்குத்தான் தெரியும். போன வருடம் வண்டிகளுக்கான ஆண்டுச் சோதனைக்கு முந்தின நாள் அஹ்தி வண்டியை அவனிடம் கொண்டுவந்து நிறுத்தினான். "இந்த ஒரு வருஷம் தாண்டினா போதும்டா. அடுத்த வருஷம் வேற வண்டி வாங்கிடறேன்." பெல்ட் பிடித்திருந்த இடம் முழுக்க ஓட்டை. கையில் நல்ல தகடு இல்லை, கடை பூட்டிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு ஹெல்வி இஞ்சி பிஸ்கட் போட்டுக் கொடுத்த டப்பா அலமாரியில் கிடந்தது. வெள்ளையில் நீலப்பூ போட்ட டப்பா. அதன் மூடியை வெட்டி, ரிவெட் அடித்து, பெல்ட்டின் போல்ட்டை அதிலேயே முறுக்கி, மேலும் கீழும் தாரைப் பூசினான். சோதனைக்காரர் கீழிருந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முத்திரை போட்டார். ஊரில் பாதி வண்டிகள் இப்படித்தான் ஓடுகின்றன என்று கௌகோ தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டான். விபத்துக்குப் பிறகு ஒருநாளும் தூக்கம் வரவில்லை.

"நீ வீட்ல போய் உக்காருடா. தனியாவே முடிச்சிருவேன்," என்றான் இப்போது.

"உன்ன நம்பி விட்டா கதவைத் தலைகீழா மாட்டிருவ," என்றான் அஹ்தி. ஐந்து மாதத்தில் அவன் சிரித்து இப்போதுதான் பார்க்கிறான் கௌகோ. "அவ வண்டிடா இது. கல்லறைக்குப் பஸ்ஸுல போக மனசு வரல. இதுலதான் போகணும்."

மத்தியானம் வரை டிரைவர் பக்கத்தையே போட்டு இழுத்தடித்தான் கௌகோ. பிறகு, வெல்டிங் கேஸ் தீர்ந்துவிட்டது என்று ஒரு பொய்யைச் சொன்னான். அஹ்தி வேறு சிலிண்டர் வாங்கி வரக் கிளம்பினான்.

இருபது நிமிடம் இருந்தது. விரிப்பைக் கிழித்தான். ரிவெட்டுகளைத் துளைத்தான். தார் பாளம் பாளமாக உரிந்து வர, உள்ளேயிருந்து நீலப்பூ எட்டிப் பார்த்தது. போல்ட் இருந்த இடத்தில் தகரம் வாய் பிளந்திருந்தது. வாசலில் காலடி கேட்டதும் தகரத்தை இரண்டாக மடித்து வேலை அங்கியின் தொடைப் பைக்குள் திணித்தான்.

அஹ்தி குனிந்து ஓட்டையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"துருதானா?"

"துருதான்டா," என்றான் கௌகோ.

சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் அஹ்தி சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையின் அடுப்பை மூட்டிவிட்டான். சனிக்கிழமை ஒன்றாக வேலை செய்துவிட்டு, ஒன்றாக உட்கார்ந்து வியர்க்காமல் வீட்டுக்குப் போவது என்பது இவர்களிடம் கிடையாது. வேண்டாம் என்றால் அஹ்தி ஏன் என்று கேட்பான். முன்னறை ஆணியில், பை சுவர்ப் பக்கம் இருக்கும்படி அங்கியைப் பார்த்து மாட்டிவிட்டு, அம்மணமாக மேல்பலகையில் போய் உட்கார்ந்தான் கௌகோ. சூடு உடம்பில் ஏற ஏற, தப்பித்துவிட்டோம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

அஹ்தி இன்னும் உள்ளே வரவில்லை.

"என்னடா பண்ற அங்க?"

"உன் அங்கி கிரீஸ் நாத்தம் அடிக்குது. ஹெல்வி இருந்தா உள்ள மாட்ட விடுவாளா? உதறி வெளிய போட்டுட்டு வரேன்."

கௌகோ எழுந்தான். கால் பலகையில் வழுக்கியது. வெளியே அங்கியை உதறும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. கல்படியில் தகரம் விழுந்து கிணுகிணுத்தது.

அஹ்தி உள்ளே வந்து கதவைச் சாத்தினான். கையில் அந்த மூடி இருந்தது, மடிப்பைப் பிரித்திருந்தான். கீழ்ப்பலகையில் உட்கார்ந்து, கட்டைவிரலால் தாரைச் சுரண்டிச் சுரண்டி ஒரு பூவை முழுசாக வெளியே எடுத்தான். வாய் பிளந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

நீதானே ஒரு வருஷம் தாண்டினால் போதும் என்றாய். கௌகோவின் தொண்டை வரைக்கும் வந்தது. ஐந்து மாதமாக அவன் பத்திரமாக வைத்திருந்த வார்த்தை அது ஒன்றுதான். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அஹ்தி ஒரு கரண்டித் தண்ணீரை மொண்டு அடுப்பின் சூடான கற்களின்மேல் ஊற்றினான். ஆவி சீறி எழுந்து இருவரையும் மறைத்தது.

"இந்த டப்பாவ அவ மூணு தடவ திருப்பிக் கேட்டா உன்கிட்ட," என்றான். குரல் உயரவே இல்லை. "அவங்க அம்மா குடுத்ததுடா. எங்கயோ தொலைஞ்சு போச்சுன்னு சொன்ன. போனா போகுது, கௌகோவ திட்டாதீங்கன்னு அவ என்கிட்ட சொன்னா."

கௌகோ இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"தொலையலடா. தினமும் அவ பக்கத்துலயேதான் இருந்திருக்கு."