ஆளுக்கொரு வெட்டு

"ப்ரொஜெக்டர் வயரை எங்கனளா வச்ச?"

இந்த வீட்டில் அவர் கடைசியாகக் கேட்டது அதுதான். "துணிப் பைக்குள்ள, சட்டைக்குக் கீழ" என்றேன். பையை வெளியிலிருந்து அழுத்திப் பார்த்தார். சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு போனார். அடுப்பில் பால் இருந்ததால் நான் அதற்குள் உள்ளே திரும்பிவிட்டேன்.

என் கணவர் ஹென்றி தண்டல். பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற மரத்தோணியில் எல்லாருக்கும் மேலே இருக்கிறவரைத் தண்டல் என்போம். எஞ்சின் வந்த பிறகும் தோணியில் பாய் உண்டு. ஒருமுறை மாலேயிலிருந்து உள்ளங்கை அளவு ப்ரொஜெக்டர் ஒன்று வாங்கி வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பாய்தான் அவர்களுக்குத் திரை.

அதை நான் நேரில் பார்த்ததில்லை. பெண்கள் யாரும் அந்தத் தோணியில் போனதில்லை. ஆனால் அவர் சொல்லிச் சொல்லி, நான் அங்கே உட்கார்ந்திருந்தது போலவே ஆகிவிட்டது. பொழுது சாய்ந்து கடலும் வானமும் ஒரே நிறமானதும் படம் போடுவார்கள். காற்று வந்தால் கதாநாயகியின் கன்னம் உப்பும், தணிந்தால் ஒட்டிப்போகும். சமையல்காரர் பாண்டியராஜ் அடுப்பை விட்டு நகர முடியாது. அவருக்குப் பாயின் பின்பக்கம்தான் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் இடது கையால் பொட்டு வைப்பார்கள், இடது கையால் சோறு உண்பார்கள். கரைக்கு வந்து அதே படத்தைத் தியேட்டரில் பார்த்துவிட்டு, "என்னத்தையோ மாத்திப்புட்டானுவ, நம்ம தோணியில ஓடுனதுதான் சரியான படம்" என்று சொன்னாராம்.

படங்களை வெட்டித் தருவது என் வேலை. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் கடையில் கொஞ்ச காலம் இருந்தேன். அதற்கான மென்பொருள் இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

முதலில் அது முதலாளியின் ஆசை. தோணியின் சொந்தக்காரர் ஜெபசிங் நாசரேத் பக்கத்துக்காரர், கண்டிப்பான ஜெபக்காரர். என் தோணியில் ஓடுகிற படத்தில் குடி கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, அரைகுறை ஆட்டம் கூடாது என்றார். நானும் அப்படியே வெட்டினேன். வெட்டி முடித்தபோது இரண்டரை மணி நேரப் படம் முக்கால் மணி நேரமாகிவிட்டது. அந்தப் பயணம் முடிந்து வந்ததும் எஞ்சின் டிரைவர் செந்தூர்பாண்டி வாசலில் நின்றபடியே கேட்டார்.

"என்ன தங்கச்சி, படம் போட்டியா, பல்பொடி விளம்பரம் போட்டியா? வில்லன் வாரான், அடுத்த நிமிசம் செத்துக் கெடக்கான். அவன் என்ன பாவம் பண்ணினான்?"

என் கணவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு சொன்னார்.

"முதலாளி கரையில இருக்காரு. கடல்ல கெடந்து பாக்குறவனுவ இவனுவதானே. எது வேண்டாம்னு அவனவன் சொல்லட்டும்."

அப்படித்தான் அது ஏற்பட்டது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் ஆளுக்கொன்று. எனக்கு இது வேண்டாம் என்று ஒருவன் ஒன்றைச் சொல்லலாம். சொன்னால் அது எல்லாருக்கும் கிடையாது. ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. சொல்ல ஒன்றும் இல்லாதவன் சும்மா இருக்கலாம்.

செந்தூர்பாண்டிக்கு ஆம்புலன்ஸ் சத்தம் ஆகாது. பாண்டியராஜுக்கு நாயை அடிப்பது ஆகாது. ஸ்டெபின் என்று ஒரு பையன் வந்தான், பொல்லாத வாய். "எனக்கு வில்லன் தோக்குறது வேண்டாம் தண்டல்" என்றானாம். "ஏலே, அதுக்குப் படமே வேண்டாம்னு சொல்லிட்டுப் போய்ப் படு" என்று இவர் சொல்ல, தோணியே சிரித்திருக்கிறது. அதே ஸ்டெபின் அடுத்த பயணத்தில், வளைகாப்பு வருகிற இடம் வேண்டாம் என்று தணிந்த குரலில் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை.

கப்பல் மூழ்கும் காட்சியை வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. அதை இரண்டாம் தடவை போடச் சொல்லிப் பார்ப்பார்களாம். "இந்த அலைக்கா சாயுது? சுக்கானை எவம்லே புடிச்சான்?" என்று ஏசி ஏசிப் பார்ப்பார்களாம்.

வெட்டு விழுந்த இடத்தில் படம் லேசாகத் துள்ளும். அது தன்னுடையது என்று தெரிந்தவன் அந்த நேரத்தில் கடலைப் பார்ப்பான் என்று அவர் சொல்லியிருக்கிறார். அங்கே ஒன்றும் இருக்காது. கறுப்பாகத் தண்ணீர் மட்டும்.

ஒன்றை வெட்ட வேண்டுமானால் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்தச் சொல் வரை வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்க வேண்டும். அதனால் அவர்கள் பார்க்க விரும்பாததை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். எத்தனை ஆம்புலன்ஸ், எத்தனை வளைகாப்பு. மத்தியானங்களில் சன்னலுக்கு வெளியே முருங்கை மரம் ஆடிக்கொண்டிருக்கும். நான் யாருடைய துக்கத்தையோ முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருப்பேன்.

"ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் தண்டல்ளா. நான் ஒண்ணு சொன்னா அது சட்டமாப் போயிரும். அவனுவ சொல்லட்டும்."

என்னிடம் அவர் தனக்கென்று ஒன்றைச் சொல்லவே இல்லை.

மாலேயில் சரக்கை இறக்கிவிட்டு வெறுந்தோணியாகத் திரும்பும்போது அவருக்கு நெஞ்சு வலித்தது. கரை வெகுதூரத்தில் இருந்தது. ரேடியோவில் கூப்பிட்டிருக்கிறார்கள், எஞ்சினை முழு வேகத்தில் விட்டிருக்கிறார்கள். கரையில் போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும் என்று செந்தூர்பாண்டி சொல்ல, பாண்டியராஜ் அவருடைய செல்போனை வாங்கி எல்லாவற்றையும் படம் எடுத்திருக்கிறார். தோணி துறைமுகத்துக்கு வந்தபோது நான் கரையில் நின்றேன். அந்த நாளைப் பற்றி எழுத இதற்கு மேல் எனக்கு ஒன்றுமில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தவர்கள் போன பிறகு, அவருடைய தம்பி ஜெஸ்டின் என் அருகில் வந்து உட்கார்ந்தான்.

"மதினி, அண்ணனோட கடைசி வீடியோ இருக்கு. பாக்குதியளா?"

பார்க்கிறேன் என்றேன். அவர் பாயின் அடியில் ஒரு காலிச் சாக்கு மூட்டைமேல் சாய்ந்திருந்தார். வேர்த்திருந்தது. "ஒண்ணுமில்லலே, வாயுதான். சோடா இருக்கா?" என்றார். யாரோ முதுகைத் தடவினார்கள். அவர் கேமராவை நிமிர்ந்து பார்த்தார். கண் திறந்தே இருந்தது. அந்தத் திறந்த கண்ணின்மேல் மூடிய கண் ஒன்று மெதுவாகக் கரைந்து வந்தது. உறங்குவதுபோல இருந்தார். செந்தூர்பாண்டியின் கை அவர் நெற்றியில் இருந்தது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

"எவ்வளவு அமைதியாப் போயிருக்காரு பாத்தியளா" என்றான் ஜெஸ்டின். என் மாமியார் அமலோற்பவம் சிலுவை போட்டுக்கொண்டு, "மாதா மடியில படுத்த மாதிரில்லா இருக்கான்" என்றார்.

நான் இன்னொரு முறை பார்த்தேன். ஜெஸ்டினுக்கு வெட்டவும் ஒட்டவும் சொல்லிக் கொடுத்ததே நான்தான். நான் வெட்டினால் வெட்டுத் தெரியும். தெரியட்டும் என்றே விடுவேன். இங்கே ஒன்று இல்லை என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும். அவனுக்கு அது பிடிக்காது. ஒன்றை இன்னொன்றில் கரைத்து ஒட்டுவான். பாயின் நிழல் முதலில் அவர் காலடியில் கிடந்தது. அந்தக் கண் கரைந்து முடிந்தபோது அது மார்புக்கு ஏறியிருந்தது. வெகுநேரம் போயிருக்கிறது.

"நடுவுல என்ன இருக்கு ஜெஸ்டின்?"

"ஒண்ணுமில்ல மதினி."

"நிழல் அங்கன இருந்து இங்கன வந்திருக்கு. ஒண்ணுமில்லையா?"

அவன் என் மாமியாரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்.

"ஒங்களுக்கு வேண்டாம். நல்லதுக்குத்தான் சொல்லுதேன். அண்ணனை எல்லாரும் எப்படி நெனைக்காவளோ அப்படியே இருக்கட்டும். நான் அதை அழிச்சிட்டேன். தோணிப் புள்ளைகளையும் அழிக்கச் சொல்லிட்டேன்."

"ஒங்க அண்ணன் தோணியில எவனுக்கு எது வேண்டாம்னு கேட்டுத்தானே வெட்டச் சொன்னாரு? என்கிட்ட கேட்டியாலே?"

"கேட்டா வேணும்னுதானே சொல்லுவிய."

"சொல்லுவேன். அதுக்குத்தானே கேக்கணும்."

மாமி எழுந்து உள்ளே போய்விட்டார். ஜெஸ்டின் கெட்டவனில்லை. அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் வெட்டிய படத்தை முழுப் படம் என்று என் கையில் கொடுத்திருக்கிறான். என் கணவருடைய அவ்வளவு நேரம் எங்கேயோ இருக்கிறது, அதை என்னைத் தவிர எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தோணி புதுத் தண்டலோடு மறுநாள் புறப்படுகிறது என்று பூசைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்திருந்தது. அதற்குள் செந்தூர்பாண்டியும் அழித்துவிட்டால், பிறகு அது இந்த உலகத்திலேயே இருக்காது.

காலையில் பழைய துறைமுகத்துக்குப் போனேன். வெங்காய மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. வெங்காயத் தோல்கள் காற்றில் எழும்பி, தண்ணீர்மேல் இளஞ்சிவப்பாக மிதந்துகொண்டிருந்தன. செந்தூர்பாண்டி என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். ஏன் வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அழிச்சிட்டியளா அண்ணே?"

"அழிக்கலாம்னு எடுப்பேன். வெரல் போவ மாட்டேங்கி தங்கச்சி."

"எனக்கு வேணும்."

அவர் செல்போனை எடுத்தார். கொடுக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"தாரேன். ஆனா அதுல என்ன இருக்குன்னு சொல்லிட்டுத்தான் தருவேன். வலி கூடினதும் ஏச ஆரம்பிச்சாரு. நம்ம தண்டலா இப்படின்னு இருந்துச்சு. என்னய ஏசினாரு, காத்தை ஏசினாரு, எஞ்சினை ஏசினாரு. மாதாவையும் ஏசினாரு. வாயில வரக்கூடாத வார்த்தை. ஒங்க கொழுந்தன் அதுக்குத்தான் வெட்டிருக்கான்."

"சரி."

"இன்னொண்ணும் இருக்கு. அதை ஒங்க கொழுந்தன் ஒங்ககிட்ட சொல்லிருக்க மாட்டான்." அவர் தோணிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "பாண்டியராசு எடுக்கான்னு தெரிஞ்சதும் தண்டல் கையை நீட்டினாரு. 'ஏலே, இது விஜிலாவுக்கு வேண்டாம். என்னோட ஒண்ணு இதுதாம்லே'ன்னாரு."

 அங்கே கிடந்த ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் சொல்லாத ஒன்றைச் சொல்லியிருக்கிறார், அதுவும் என்னைப் பற்றி. தோணியில் ஒருவன் ஒன்றைச் சொல்லிவிட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது. அந்த ஏற்பாட்டை ஒருநாளும் மீறாமல் வெட்டித் தந்தவள் நான். ஆம்புலன்ஸ் ஏன் வேண்டாம் என்று இந்த மனிதரிடம் இன்றுவரை கேட்டதில்லை.

"இப்ப சொல்லு தங்கச்சி. வேணுமா?"

மூட்டைகள் ஏறிக்கொண்டே இருந்தன. தலையில் சுமையோடு பலகைமேல் நடப்பவர்கள் தண்ணீரில் தலைகீழாக நடந்துபோனார்கள். அவர்களைப் பார்த்தபடியே கேட்டேன். 

"அண்ணே, ஆளுக்கொண்ணு சொல்லுவிய. அதை வெட்டினது யாரு?"

"நீதான்."

"பாக்காம வெட்ட முடியுமா?"

 அவர் செல்போனை என் கையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். ஜெஸ்டின் வாசல்வரை வந்து நின்றுவிட்டுப் போனான். முதல் தடவை பாதியில் நிறுத்தினேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து, எந்தப் படத்தையும் பார்ப்பதுபோல, எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்த்தேன். முன்னும் பின்னும் ஓட்டினேன். ஓரிடத்தில் சிரித்துவிட்டேன். எஞ்சினை அவர் ஏசிய ஏச்சு அப்படி. மற்ற இடங்களைப் பற்றி எழுத மாட்டேன். மாதாவை என்ன சொன்னார் என்பதையும் எழுத மாட்டேன். அவர் வேண்டாம் என்றது பார்க்கிற விஜிலாவுக்கு. வெட்டுகிற விஜிலா பார்த்துவிட்டாள். இதைச் சாமர்த்தியம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

பிறகு வெட்டினேன். கரைக்காமல் வெட்டினேன். திறந்த கண், ஒரு துள்ளல், மூடிய கண். நிழல் காலிலிருந்து மார்புக்குப் பாய்கிறது. இங்கே ஒன்று இல்லை என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். வெட்டியெடுத்த துண்டை அழித்தேன். செல்போனில் இருந்ததையும் அழித்து, தோணி கிளம்புவதற்குள் செந்தூர்பாண்டியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் மாமியிடம் போய், "மாமி, நடுவுல ஒரு இடம் இல்ல. அது அவரே வேண்டாம்னு சொன்னது. பாக்குதியளா?" என்று கேட்டேன்.

"நீ அதைப் பாத்தியாளா?"

"பாத்தேன்."

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு அந்த முந்துன பாதி மட்டும் போடு. சோடா கேக்கான்லா, அதுவரைக்கும்" என்றார். அதுவரைக்கும் போட்டேன். பிறகும் பலமுறை போட்டிருக்கிறேன், எப்போதும் அதுவரைக்கும்தான்.

புதுத் தண்டல் சின்ன வயசுக்காரர். ஏற்பாட்டை மாற்றவில்லை. போன வாரம் ஸ்டெபின் வந்து, இந்தத் தடவை தனக்கு வேண்டாம் என்று ஒன்றும் இல்லை, எல்லாம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். ஏன் என்று கேட்கவில்லை.

தோணி இப்போது மாலேயில் நிற்கிறது. இங்கே ஏழு மணி அடிக்கும்போது அங்கே ஆறரைதான். இனிமேல்தான் பாயில் படம் போடுவார்கள்.