இரண்டு டைமரும் ஒரு மெயின் சுவிட்சும்

உத்திரமேரூரில் தினமும் இரண்டு முறை சூரியன் உதிக்கிறது என்று கேசவ் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு கேலி உண்டு. முதல் சூரியன் ஊருக்குப் பொது. இரண்டாவது, கேசவ் வீட்டுக் கூடத்தில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டிக்கு மேலே, அவர் சுவிட்சைத் தட்டினால்தான் உதிக்கும். முதல் பீரியட் முடிந்ததும் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் பறந்து, தொட்டி விளக்கைப் போட்டுவிட்டு, அடுத்த மணி அடிப்பதற்குள் வியர்த்து விறுவிறுத்து வகுப்புக்குள் நுழைவார். "என்ன சார், உதயமாயிடுச்சா?" என்று தலைமையாசிரியர் கேட்பார். பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிற மனிதர் இதற்கு வெட்கப்பட வேண்டும். கேசவ் வெட்கப்படவும் செய்தார். மறுநாள் ஸ்கூட்டர் வழக்கம்போலக் கிளம்பியது.

தொட்டியில் இருந்தது கடல். கடலில் இருந்து வந்ததல்ல. சென்னைக் கொளத்தூர் வளர்ப்பு மீன் சந்தையில் மூட்டையாக வாங்கிய உப்பைக் கேசவே அளந்து, கரைத்து, ருசி பார்த்துச் செய்த கடல். அதில் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிறக் கிளவுன் மீன்கள் இரண்டு. பாறையில் ஒட்டிக்கொண்டு, காளான் குடைபோல விரியக்கூடிய உயிருள்ள பவளம் ஒன்று. விரியக்கூடியது என்று சொன்னவர் விற்ற கடைக்காரர். வந்து ஐந்து மாதமாகியும் அது சட்டைப் பொத்தான் அளவைத் தாண்டவில்லை.

கடைக்காரருக்குப் போன் செய்தால் அவர் ஒரே பாட்டைத்தான் பாடினார். "வெளிச்சம் ஒரே நேரத்துல வரணும், ஒரே நேரத்துல போகணும் சார். நேரம் மாறிக்கிட்டே இருந்தா அது பிழைக்காது." கேசவ் வீட்டிலோ, ஆசிரியர் கூட்டம் இருக்கும் நாளில் அஸ்தமனம் எட்டரை மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்திருக்கிறபோதுதான் உதயம். போதாக்குறைக்கு, தூங்கப்போகும் முன் டார்ச் அடித்து, பவளம் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். முன்பு வாங்கிய இரண்டு பவளங்களும் இந்தக் கவனிப்பில்தான் போய்ச் சேர்ந்தன. மூன்றாவதும் போனால் தொட்டியைத் தலைமுழுகிவிடுவதாக மனைவி பத்மஜாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அவள் கேட்காமலே கொடுத்த வாக்கு. அதனால் அதை மீறுவது இன்னும் கஷ்டம்.

இந்த நிலையில்தான் ஸ்ரீரங்கத்தில் அக்கா மகள் நாச்சியாருக்குக் கல்யாணம் வந்தது. நிச்சயதார்த்தத்துக்கு பத்மஜா மட்டும் போயிருந்தாள். விளக்கைப் போட்டு அணைக்க ஆள் வேண்டுமே என்று கேசவ் வீட்டிலேயே தங்கிவிட்டார். அக்கா இரண்டு மாதம் பேசவில்லை. கல்யாணத்தில் அப்படி நழுவ முடியாது. மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்க வேண்டிய தாய்மாமன் அவர் ஒருவர்தான்.

"மூணு நாள். நீங்க வரேளா, இல்லே மீனுக்குத் துணையா இருக்கேளா, இப்பவே சொல்லிடுங்கோ" என்றாள் பத்மஜா. தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கும் அவள், மனு வாங்கும்போது பேசுகிற அதே குரல்.

அன்று மாலையே கேசவ் பஸ் நிலையத்துக்கு அருகில் இருந்த ஜான்சனின் எலக்ட்ரிக்கல் கடையில் நின்றார்.

"இன்னா சார், இன்னும் கையாலயேவா லைட்டு போட்டுக்கினு கீறீங்க?" என்றபடி ஜான்சன் மூன்று டைமர்களை மேசைமேல் வைத்தான். முதலாவது வட்டமாக, சுற்றிலும் சின்னச் சின்னப் பல் வைத்தது. எந்த நேரத்துக்கு விளக்கு எரிய வேண்டுமோ அந்தப் பற்களை அமுக்கிவிட்டால் போதும்.

கேசவ் அதைக் கையில் எடுத்தார். கடையில் பல்பு வாங்க வந்த இரண்டு பேர் இருந்தார்கள். வகுப்பு என்று ஒன்று அமைந்துவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது.

"இது கரண்ட்ல சுத்தற கடிகாரம், ஜான்சன். கரண்ட் ஒரு மணி நேரம் போனா இதுவும் ஒரு மணி நேரம் நிக்கும். ஒவ்வொரு பவர்கட்டுக்கும் பின்தங்கிண்டே போகும். ஒரு மாசத்துல என் மீனுக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் பொழுது விடியும்."

"அப்ப போன்லயே போடற மாதிரி ஒண்ணு கீது சார்."

"வைஃபை போயிடுத்துன்னா?"

"அப்ப இதான்." மூன்றாவது, உள்ளே சின்ன பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர். கரண்ட் போனாலும் நேரம் மறக்காது. கேசவ் இரண்டு வாங்கினார். நீல விளக்குக்கு ஒன்று, வெள்ளை விளக்குக்கு ஒன்று. காலை ஒன்பதுக்கு நீலம், பதினொன்றுக்கு வெள்ளை. மாலை ஐந்துக்கு வெள்ளை அணைய வேண்டும், ஏழுக்கு நீலம். விடியலும் அந்தியும் உண்டு என்று பல்பு வாங்க வந்தவர்களிடமும் விளக்கினார். அவர்கள் பல்பு வாங்காமலே போய்விட்டதாக ஜான்சன் பிறகு குறைப்பட்டுக்கொண்டான்.

அரிசிமணி அளவு பொத்தான்களை ஊக்கு முனையால் அமுக்கி அமுக்கி நேரம் வைக்க ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. முதலில் காலையும் மாலையும் இடம் மாறிப்போய், ராத்திரி ஒன்பது மணிக்குக் கூடத்தில் விடிந்தது. பத்மஜா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு எல்லாம் சரியானது. நீல விளக்கையும் தண்ணீர் பம்பையும் இன்வெர்ட்டரில் இணைத்தார். கரண்ட் போனாலும் மீனுக்கு மூச்சு முட்டாது. இவ்வளவு முன்யோசனை உள்ள மனிதர் தாலுகாவிலேயே இன்னொருவர் இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

கிளம்பும் நாள் காலை ஆறரைக்கு வெள்ளை விளக்கின் பிளக்பாயிண்ட் லேசாக ஆடுவதைப் பார்த்தார். மெயினை அணைக்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் தொடக்கூடாது என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். வாசலில் இருந்த மெயின்பெட்டியின் பூட்டைத் திறந்து மெயினை அணைத்தார். வந்து ஸ்க்ரூவை முடுக்கினார். அதற்குள் பத்மஜா, பட்டு வேஷ்டி எந்தப் பையில் என்று கேட்க, அதைத் தேடப் போனார்.

சமையலறையில் இருந்து அவள் குரல் வந்தது. "மிக்ஸி ஓடலை. கரண்ட் போயிருக்கு போலருக்கு. சட்னி கிடையாது, இட்லிக்கு மிளகாய்ப்பொடிதான்."

ஃபேன் இன்வெர்ட்டரில் சுற்றிக்கொண்டிருந்தது. "கல்யாணத்துக்குக் கிளம்பற நாள்னு பார்த்து எடுக்கறான் பாரு" என்று கேசவ் கரண்ட்காரர்களை வாயாரத் திட்டினார்.

எட்டு மணிக்கு ஆட்டோ வந்தது. இருபது வருஷமாக ஊருக்குக் கிளம்பும்போது கேசவ் செய்கிற சடங்கு ஒன்று உண்டு. கேஸை மூடுவது, வாசல் மெயினைத் திருப்புவது, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பது. ஆட்டோக்காரரிடம் பெட்டியை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கையை விட்டுக் கைப்பிடியைத் திருப்பினார். டக் என்றது. மெயின்பெட்டியைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். யாராலும் உடைக்க முடியாத பூட்டு என்று ஜான்சனிடம் கேட்டு வாங்கியது.

மதுராந்தகத்தில் திருச்சி பஸ் ஏறி, இட்லியைத் தின்று, அச்சிறுப்பாக்கம் தாண்டும்போது பத்மஜா சாதாரணமாகக் கேட்டாள். "மெயின் அணைச்சேளா?"

"நான் அணைக்காம என்னிக்காவது கிளம்பியிருக்கேனா?" என்றார் கேசவ்.

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. பத்மஜா அவரைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "அப்போ மீன்?" என்றாள் மெதுவாக.

கேசவ் மனசுக்குள் கணக்குப் போட்டார். இன்வெர்ட்டர் பேட்டரி பழசு. நாலு மணி நேரம் தாங்கினால் அதிகம். மதியத்துக்கு மேல் பம்ப் நிற்கும். பேட்டரி வைத்த டைமர் மட்டும் சரியான நேரம் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாளைக்குள் இரண்டு மீனும் மிதக்கும். பவளத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஜான்சனைக் கூப்பிட்டார். அவன் மானாம்பதியில் ஒரு வீட்டு வயரிங்கில் இருந்தான். "வேலை முடிய சாயங்காலம் ஆவும் சார். சாவி?"

"என்கிட்ட இருக்கு. பூட்டை உடைச்சுடு."

"எந்தப் பூட்டு? நான் குடுத்ததா?" ஜான்சன் கொஞ்சம் யோசித்தான். "சரி, பாக்கறேன்."

திண்டிவனத்தில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. கேசவ் எழுந்து பையை எடுத்தார். இறங்கி எதிர்ப்பக்கம் பஸ் பிடித்தால் மதியத்துக்குள் வீடு. பத்மஜா காலை மடக்கி வழிவிட்டாள். அதுதான் அவரைத் தைத்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இறங்கிப் போயிருப்பார். அவள் வழிவிட்டாள். இவர் இப்படித்தான் என்று அவளுக்கு எப்போதோ பழகிவிட்டிருந்தது.

அப்போது நாச்சு போன் செய்தாள். "மாமா, எங்கே வந்துண்டிருக்கே? அம்மா நீ வரமாட்டேன்னு சித்தப்பாவைத் தயாரா இருக்கச் சொல்லியிருக்கா. நான் மாட்டேன்னுட்டேன். நீதான் தூக்கணும்."

"திண்டிவனம் வந்தாச்சு" என்றார் கேசவ். உட்கார்ந்தார். பை மடியிலேயே இருந்தது. விழுப்புரம் வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். விரலளவு மீன்களுக்கும் பொத்தான் அளவுப் பவளத்துக்கும் நாற்பத்தாறு வயசில் கண் கலங்குவதை அடுத்த சீட்டுக்காரர் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். பத்மஜா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஜான்சன் போன் கிடைக்கவில்லை. மாலையிலும் இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மாலை மாற்றல். நாச்சு பிறந்தபோது மூன்று கிலோ. இப்போது எவ்வளவு என்று கேட்பது மரியாதை இல்லை. கேசவ் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். நாதஸ்வரம் முழங்க, எதிரே மாப்பிள்ளையின் மாமா மல்யுத்த வீரர் கணக்காகத் துள்ளிக்கொண்டிருந்தார். சரியாக அந்த நேரம் கேசவின் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. பத்மஜா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, அதை உருவி, அவர் காதில் வைத்தாள்.

"சார், ஜான்சன். மன்னிச்சிக்கோ சார், நேத்து வேலை இழுத்துச்சி, போனும் செத்துப்போச்சி. இப்பதான் பூட்டை ஒடைச்சேன். அரை மணி நேரம் ஆச்சி, நல்ல பூட்டு." மூச்சு வாங்கினான். "சார், மெயின் ஆன்லதான் கீது."

"என்ன?"

"ஆன்ல கீது சார். ஜன்னல் இடுக்குல பாத்தேன், நீலக் கலர் லைட்டு இப்பதான் தானா எரிஞ்சிது. மீனு ரெண்டும் சுத்திக்கினு கீது. எதுக்கு சார் ஒடைக்கச் சொன்னீங்க?"

தோளில் நாச்சியாரும் காதில் ஜான்சனுமாக நின்ற கேசவுக்கு ஓடாத மிக்ஸியும் சட்னி இல்லாத இட்லியும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. கரண்ட் போகவே இல்லை. காலையில் மெயினை அணைத்தவர் மறுபடி போடவே இல்லை. கிளம்பும்போது அணைப்பதாக நினைத்துத் திருப்பியபோதுதான் அது ஆன் ஆகியிருக்கிறது. இரண்டு டைமர், இன்வெர்ட்டர், இத்தனை முன்யோசனை எல்லாவற்றையும் காப்பாற்றியது, ஒரு மறதிமேல் விழுந்த இன்னொரு மறதி. அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உடம்பு குலுங்கியது.

"மாமா, ஆடாதே, விழுந்துடுவேன்" என்று நாச்சு அவர் குடுமியில்லாத தலையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டைத் திறந்தார்கள். டைமர் சொன்ன நேரத்தில் வெள்ளை அணைந்து, கூடத்தில் நீல வெளிச்சம் மட்டும் இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கேசவ் தொட்டி முன்னால் போய் நின்றார். பாறைமேல் பவளம் விரிந்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு, விளிம்பெல்லாம் மெல்ல அசைய, பச்சைப் பசேலென்று முழுசாக விரிந்திருந்தது. ஐந்து மாதம் அவர் தினமும் ஓடி ஓடி, டார்ச் அடித்து அடித்துப் பார்த்தும் காட்டாத முகத்தை, அவர் இல்லாத மூன்று நாளில் காட்டியிருந்தது.

சந்தோஷத்தில் அவர் கை தானாக டார்ச்சைத் தேடி அலமாரிக்குப் போனது. பாதியில் நின்றது.

பத்மஜா பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "அடுத்த மாசம் பெங்களூர்ல எங்க பெரியப்பாவுக்குச் சதாபிஷேகம்" என்றாள். "ஒரு வாரமாப் போயிட்டு வரலாமா? இதுக்கும் நல்லது."

கேசவ் அலமாரியிலிருந்து டார்ச்சை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, டிக்கெட் எப்போது போடவேண்டும் என்று கேட்டார்.