கண்ணாடித் தரையில் பம்பரம்

டைல்ஸ் கடைக்காரர் தன் வீட்டுக் கூடத்துக்குப் புதுத் தரை போட்டு அதிக நாள் ஆகவில்லை. குனிந்து பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு. கடைக்கு வந்து எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்குகிறவர்களை, "ஒரு எட்டு நம்ம வீட்டுக்கு வந்து பாத்துட்டு அப்புறம் பேசுங்க" என்று கையோடு அழைத்து வந்துவிடுவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவருக்கு அது போதும்.

அந்த வீட்டில் தரையைப் பிடிக்காத ஜீவன் ஒன்றே ஒன்று. அது பம்பரம், அவர்களுடைய நாய். குட்டியாக இருந்தபோது நின்ற இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததால் வந்த பெயர். வயது பத்தைத் தாண்டிய பிறகும் குணம் மாறவில்லை. பந்தைப் பார்த்தால் உலகமே மறந்துவிடும். ஆனால் புதுத் தரையில் ஓடி வந்து திரும்பினால் பின்னங்கால்கள் இரண்டும் பக்கத்துக்கொன்றாக விரிந்துகொள்ளும். வயிறு தரையில் மோதும். எழப் பார்க்கும், மறுபடி சறுக்கும், அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி உட்காரும்.

கடைக்காரருக்கு அதைப் பார்க்கச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் பந்தை வேண்டுமென்றே கூடத்தின் நடுவில் உருட்டிவிட்டுப் போனில் படம் எடுத்தார். சிரித்த சிரிப்பில் படமே ஆடியது. "பம்பரம் சுத்துது, எல்லாரும் பாருங்க" என்று தன் குரலையும் சேர்த்து, சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அன்று முழுக்க அத்தை, மாமா, பங்காளி என்று ஆளாளுக்குச் சிரித்துத் தள்ளினார்கள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி மட்டும், அது விளையாடவில்லை, எழ முடியாமல் தவிக்கிறது என்றாள். "உனக்கு எதைப் பாத்தாலும் சோகம்தான்" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு பம்பரம் காலையில் எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டது. எழுந்ததும் நாலு அடி மரக்கால் கட்டினாற்போல் நடக்கும், பிறகு சரியாகிவிடும். மாடிப்படியின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். குளிப்பாட்டித் துவட்டும்போது இடுப்பில் கை பட்டதற்கு ஒருநாள் மனைவியைப் பார்த்தே உறுமியது. சோம்பேறித்தனம், செல்லம் கொடுத்துக் கெட்டுப்போய்விட்டது என்பது கடைக்காரரின் தீர்ப்பு. அவள் விடவில்லை. அவரையும் இழுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனாள்.

மருத்துவர் அதிகம் பேசாத பெண்மணி. பம்பரத்தின் பின்னங்காலை மெல்ல நீட்டி மடக்கிப் பார்த்தார். அது குரல் கொடுக்கவில்லை. தலையைத் திருப்பி உதட்டை நக்கிக்கொண்டது, அவ்வளவுதான். இங்கே வந்தால் பயத்தில் எல்லா நாயும் நிமிர்ந்து நிற்கும், வலியைக் காட்டாது என்றார். வீட்டில் அது நடப்பதை யாராவது படம் எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

கடைக்காரர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மனைவி தன் போனைத் திறந்து நீட்டிவிட்டாள். அவரைக் காட்டிக்கொடுக்க நினைத்துச் செய்ததல்ல. அவளிடம் இருந்தது குழுவில் வந்த அந்தப் படம் ஒன்றுதான்.

சின்ன அறை. அவருடைய சிரிப்பு சுவரில் பட்டுத் திரும்பியது. "பம்பரம் சுத்துது, எல்லாரும் பாருங்க." மேசைமேல் இருந்த பம்பரம் அந்தக் குரலைக் கேட்டு வாலை ஆட்டியது. மருத்துவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மறுபடி ஓடவிட்டார். பிறகு கால் விழும் விதம் தெரிய வேண்டும் என்று வேகத்தைக் குறைத்து ஓடவிட்டார். அந்தச் சிரிப்பு இழுபட்டு இழுபட்டு, ஏதோ மிருகம் இரையின்மேல் நின்று உறுமுவதுபோல் வந்தது. கடைக்காரருக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. மனைவி சுவரில் மாட்டியிருந்த பூனைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லவேளை எடுத்தீங்க, இது ரொம்ப உதவியா இருக்கு" என்றார் மருத்துவர். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது அவருக்கு.

இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். ரத்தம் சோதித்துவிட்டு வலிக்கு மாத்திரை எழுதினார். மனிதர்கள் போடும் வலி மாத்திரையை மட்டும் தப்பித் தவறியும் கொடுத்துவிடாதீர்கள், அது நாய்க்கு விஷம் என்றார். எடை குறைய வேண்டும். ஒரேயடியாக ஓடவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் தினமும் நடத்த வேண்டும். பந்து எறிவதை நிறுத்த வேண்டும். பாதத்துக்கு அடியில் வளர்ந்திருக்கும் முடியையும் நகத்தையும் வெட்ட வேண்டும். கடைசியாக, வழுக்கும் தரையில் விரிப்புப் போடுங்கள் என்றார். இருக்கிற மூட்டையும் கெடுப்பது அந்தச் சறுக்கல்தானாம்.

கடைக்காரர் கடை வைப்பதற்கு முன்னால் மண்டியிட்டு டைல்ஸ் ஒட்டிய ஆள். முட்டி வலியோடு காலையில் எழுவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வழி நெடுக அந்த நினைப்பு அவரைப் பிடுங்கித் தின்றது.

அன்றே ரப்பர் விரிப்புகள் வாங்கி வந்தார். நிறத்துக்கு நிறம் சேராத விரிப்புகள் கூடம் முழுக்கப் பரவின. பளபளப்பு எங்கேயோ ஓரத்தில் எட்டிப் பார்த்தது. பம்பரம் அவற்றின்மேல் கால் பதித்து நடந்தது. இதோடு முடிந்திருந்தால் தெரியாமல் செய்த தப்பு என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கலாம்.

அடுத்த வாரம் புது வீடு கட்டும் ஒரு தம்பதி கடைக்கு வந்தார்கள். மூன்று மாடி வீடு. எதுவும் பிடிக்கவில்லை. அவர் வாய் பழக்கத்தில் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டது. மனைவி வெளியே போயிருந்தாள். அவர் முன்னால் ஓடி வந்து விரிப்புகளை எல்லாம் சுருட்டி அறைக்குள் தள்ளினார். பம்பரத்தைப் பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்தினார். பத்து நிமிட வேலைதானே, அவர்கள் போனதும் போட்டுவிடலாம்.

கதவு சரியாகத் தாழ் விழவில்லை. வாசல் மணி அடித்ததும் பம்பரம் யார் வந்தது என்று பார்க்கப் பாய்ந்து வந்தது. விரிப்பு இருக்கிறது என்று நம்பித்தான் வந்தது. கூடத்தின் நடுவில் பின்னங்கால்கள் விரிந்து, தொப்பென்று விழுந்தது. முன்னங்கால்களால் இழுத்துப் பார்த்தது. எழ முடியவில்லை.

வந்த பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கெட்ட மனதில் இல்லை. பார்க்க வேடிக்கையாக இருந்ததால் சிரித்தாள். அவள் கணவன் போனை எடுத்தான்.

கடைக்காரர் ஓடிப்போய்த் தரையில் உட்கார்ந்து, வயிற்றுக்கடியில் கை கொடுத்து நாயைத் தூக்கினார். அதன் உடம்பு நடுங்கியது.

"படம் எடுக்காதீங்க. அதுக்கு வலிக்குது" என்றார். குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. "இங்க விரிப்புப் போட்டிருந்தேன். நீங்க தரையப் பாக்கணும்னு நான்தான் எடுத்தேன்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதோடு சரி, அந்தப் பக்கமே வரவில்லை.

மனைவி வந்ததும், அவள் கேட்பதற்கு முன் அவரே சொன்னார். ஒன்றையும் விடாமல் சொன்னார். அவள் பையை இறக்கி வைத்துவிட்டு, "தெரிஞ்சும் செஞ்சீங்களா?" என்றாள். ஆமாம் என்றார். இரண்டு பேருமாக விரிப்புகளை எடுத்துப் போட்டார்கள். அன்று சாயங்காலம் சொந்தக்காரர்கள் குழுவில், அந்தப் படத்தை எல்லோரும் அழித்துவிடுங்கள், அது வலியில் விழுந்தது, நான் புரியாமல் சிரித்துவிட்டேன் என்று எழுதினார். ஒரு மாமா அதற்கும் சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்பினார்.

மாத்திரையும் நடையும் வேலை செய்தன. பம்பரத்தின் உடம்பு இளைத்தது. காலையில் சட்டென்று எழுந்தது. தெருமுனை வரை மோப்பம் பிடித்துக்கொண்டே போய்வர, அவரும் அதன் நடைக்கு ஏற்றபடி நின்று நின்று போனார். இரவில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன் இடுப்பில் வைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும்.

ஆனால் கூடத்துக்குள் வரும்போது மட்டும் அது நிலைப்படியில் நிற்கும். ஒரு முன்னங்காலை நீட்டி, விரிப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும். இருக்கிறது என்று உறுதியான பிறகே மற்றக் காலை எடுத்து வைக்கும். மனைவி மட்டும் கூடத்தில் இருக்கும்போது அது அப்படிச் செய்வதில்லை என்று அவருக்குத் தோன்றியது. அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்தான். அவர் கேட்கவில்லை.