மாற்று வேட்பாளர் சுந்தரம்

எம்.பி. தேர்தலில் பெரிய கட்சிகள் ஒரு தொகுதிக்கு இரண்டு மனு கொடுக்கும். ஒன்று மாலை போட்டுக்கொண்டு நிற்கும் பெரிய வேட்பாளருடையது. மற்றது, அவர் மனு எதனாலாவது தள்ளுபடியானால் கட்சிச் சின்னத்தை வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியவருடையது. சட்டத்தில் இவருக்கு மாற்று வேட்பாளர் என்று பெயர். கட்சிக்காரர்கள் டம்மி என்பார்கள். பெரியவர் மனு ஏற்கப்பட்டதும் டம்மி வீட்டுக்குப் போகலாம்.

மர்பி டவுன் சுந்தரம், கட்சி வேட்பாளர் கோவிந்தப்பாவுக்கு நான்கு தேர்தலில் டம்மி. தொண்ணூற்றொன்றில் ஆரம்பித்த உத்தியோகம். கன்னடக்காரர் ஊரில் ஒரு மர்பி டவுன் தமிழன் எம்.பி. ஆகிவிடுவான் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை, அதனால்தான் இவன் என்று கோவிந்தப்பாவே பலர் முன்னால் சொல்லிச் சிரித்திருக்கிறார். சுந்தரமும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிலருக்கு ரோஷம் தாமதமாகத்தான் வரும்.

கோவிந்தப்பா டெல்லிக்குப் போய் என்ன கிழித்தார் என்று கேட்காதீர்கள். தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்து சுந்தரம் வீட்டு ஜன்னல் நொறுங்கியபோது அவர் டெல்லியில் பத்திரமாக இருந்தார். போன் லைன் கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னார். எம்.பி. கோட்டாவில் வந்த கேஸ் கூப்பன்களில் மர்பி டவுனுக்குக் கிடைத்தவை மூன்று. ஆனால் ஓட்டுக் கேட்க வந்தால் தமிழில் உருகுவார். அந்தத் தமிழும் சுந்தரம் எழுதிக்கொடுத்ததுதான். மனுக்களைப் பூர்த்தி செய்வதும் சுந்தரம்தான்.

தொண்ணூற்றொன்பதில் மட்டும் அந்த வேலை கைமாறியது. முந்தின வருஷம் தோற்றிருந்த கோவிந்தப்பா, ஒயிட்ஃபீல்ட் பக்கம் புது வீடு கட்டிக் குடிபோயிருந்தார். மருமகன் பரத் சாஃப்ட்வேர்காரன். மனுவைக் கம்ப்யூட்டரில் அழகாக அடித்துக்கொண்டு வந்தான். மேளதாளத்தோடு போய்க் கொடுத்தார்கள்.

பரிசீலனைக்கு முதல் நாள் காலை பத்து மணிக்கு சுந்தரம் தன் மனுவைச் சரிபார்க்கத் தேர்தல் அலுவலகத்துக்குப் போனார். பழக்கதோஷம், பெரியவர் ஃபைலையும் வாங்கிப் புரட்டினார். வாக்காளர் பட்டியல் நகல் பழைய வீட்டு முகவரியில் இருந்தது. அங்கே பெயர் நீக்கியாகிவிட்டது. இப்போது ஓட்டு வேறு தொகுதியில். அந்தத் தொகுதியின் நகல் இல்லாவிட்டால் மனு செல்லாது. சுந்தரம் ஃபைலை மூடிக் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

நேராக வீட்டுக்குப் போய் மனைவி காந்தாவிடம் சொன்னார். அவள் ஒரு கான்வென்ட்டில் ஆயா. அன்று லீவு.

"அந்தக் காயிதம் இல்லேன்னா இன்னா ஆவும்?"

"மனு தள்ளுபடி."

"அப்போ?"

"சின்னம் எனக்கு வரும்."

காந்தா அடுப்பை அணைத்தாள். "யாருகிட்டனா சொன்னியா?"

"இல்ல."

"அப்ப சும்னே குந்து. சோறு துன்னுட்டுப் படு. நாளைக்கு பதினொரு மணி வரிக்கும் உனக்கு ஒண்ணும் தெரியாது."

சுந்தரம் சாப்பிட்டார், படுத்தார். தூக்கம் எங்கே வரும்? சுவரெல்லாம் தன் பெயரும் சின்னமும் தெரிந்தன. பாராளுமன்றத்தில் எழுந்து நின்று, என் ஜன்னலை உடைத்தபோது இந்தச் சபையில் யார் வாய் திறந்தீர்கள் என்று கேட்டார். ஐம்பது வயதில் முதல்முறையாகத் தனக்கென்று ஒன்றை ஆசைப்பட்டார், அது இனித்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். காந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆட்டோ பிடித்து கோவிந்தப்பாவிடம் போய்ச் சொன்னார். விசுவாசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடிமைப் பழக்கம், வேறென்ன? போன் பறந்தது, கார் பறந்தது, ஐந்தரைக்குத் தாலுக்கா ஆபீஸ் மூடுவதற்குள் நகல் கையில். மனு ஏற்கப்பட்டது. கோவிந்தப்பா ஜெயித்து டெல்லிக்குப் போனார்.

அந்த ஐந்து வருஷமும் சுந்தரம் தலை நிமிர்ந்து நடந்தார். நினைத்திருந்தால் கவிழ்த்திருக்கலாம், செய்யவில்லை என்ற பெருமை. காந்தா திட்டும்போதெல்லாம் அந்தப் பெருமையைத்தான் பதிலாகச் சொன்னார்.

இரண்டாயிரத்து நான்கில் மாற்று வேட்பாளராகப் பரத்தின் பெயர் வந்தது. சுந்தரம் பதறிப்போய் ஓடினார்.

"அண்ணே, நான் என்ன தப்பு பண்ணேன்?"

கோவிந்தப்பா கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கன்னடம் கலந்து பேசினார். "நோடப்பா சுந்தரம், போன தடவ நீ காலைல பத்து மணிக்கே என் ஃபைல பாத்துட்டேன்னு அந்தக் கிளார்க் அப்பவே சொன்னான். எங்கிட்ட வந்தது நாலு மணிக்கு மேல. நடுவுல ஆறு மணி நேரம் என்ன பண்ணிட்டிருந்தே?"

"அதான் வந்து சொன்னேனேண்ணே" என்றார் சுந்தரம்.

"நீ வந்து சொன்ன, இல்லேங்கல. ஆனா யோசிச்சே. டம்மி யோசிக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொன்னார். காந்தா திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் தட்டை வைத்துச் சோறு போட்டாள்.

"எப்பிடியும் திருட்டுப் பட்டம்தான்" என்றாள். "அன்னிக்கு ஆபீஸ் மூடற வரிக்கும் இன்னும் ஒன்றரை மணி நேரம் படுத்துனு இருந்திருக்கலாம்."

ஐந்து வருஷமாக இதை மறுத்துத்தான் அவர் வாதாடிக்கொண்டிருந்தார். இப்போது சோற்றைப் பிசைந்தபடி, "இருந்திருக்கலாம்" என்றார்.